அலட்சியத்தின் பரிபாஷை

கல்லூரி விடும் நேரத்தில் நகரப் பேருந்தில் பயணம் செய்கிற பெரியவர்கள் பலரும் ஒரே அபிப்பிராயத்துடன்தான் இறங்கிப் போகிறார்கள். படிக்கட்டிலும் பின்னிருக்கைகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு வருகிற இளைஞர்களின் பேச்சில் தேர்வு, வேலை, காதல், பெற்றோர், அரசாங்கம் என்று எந்தப் பொருள் வந்தாலும் அதன் முடிவில் ‘லூஸ்ல விடு’ என்றோ, ‘ஃப்ரீயா விடு’ என்றோ, ‘டீல்ல விட்டுட்டேன்’ என்றோ, ‘சப்ப மேட்டர்’ என்றோ, ‘கண்டுக்காத’ என்றோ ஒரு சொல் வந்து நிற்பதைக் கேட்டு, இந்தத் தலைமுறைக்கு எதன்மீதும் பற்றில்லை, எதைக் குறித்தும் கவலையில்லை, அலட்சியமே இவர்களுடைய தர்மமாகிவிட்டது என்று அவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு பொறியியல் கல்லூரியின் கணித வகுப்புகளிலும், அதற்குக் குறையாத காலத்தை அதன் விடுதித் தாழ்வாரங்களிலும் கழித்தவன் என்ற முறையில், இந்தத் தீர்மானத்தை நான் ஏற்பதற்கில்லை. அவர்கள் சொற்களைச் சரியாகவே கேட்கிறார்கள்; ஆனால் அச்சொற்கள் யாரை நோக்கி, எந்தச் சந்தர்ப்பத்தில், எந்தக் குரலில் சொல்லப்படுகின்றன என்பதைக் கேட்பதற்கு முன்பே அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிடுகிறது.

உண்மையான அலட்சியம் வாய் திறப்பதில்லை. ஒரு பொருளைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாத மனிதன், அக்கறை இல்லை என்று சொல்லுவதற்குக்கூட மெனக்கெடமாட்டான். பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவான். ஆகவே ஒரு கூட்டத்தார் தங்களுக்குக் கவலையில்லை என்பதைச் சொல்லுவதற்குப் பத்துச் சொற்களை உண்டாக்கி, அவை தேய்ந்துபோகப்போகப் புதிதாகப் பத்தைச் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள் என்றால், அவர்களை ஏதோ ஒன்று ஓயாமல் வருத்திக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் பொருள் கொள்ளுவேன். அந்த வருத்தம் இன்னதென்று அறிய, தேர்வு முடிவு வெளியாகும் இரவொன்றில் விடுதிக்குள் இருந்து பார்க்கவேண்டும்.

முடிவு வந்துவிட்டது என்ற செய்தி பரவிய அடுத்த நிமிஷமே பல்கலைக்கழகத்தின் இணையதளம் திறக்க மறுத்துவிடும். மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கான விரல்கள் ஒரே கதவைத் தட்டினால் அது திறக்கிற கதவாகவா இருக்கும்? எவனுடைய கைப்பேசியில் அந்தப் பக்கம் தப்பித் தவறித் திறந்துகொள்ளுகிறதோ அவனைச் சுற்றிப் பதினைந்து பேர் கூடிவிடுவார்கள். ஒவ்வொருவனாகப் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் சொல்ல, கைப்பேசி வைத்திருப்பவன் பாடக் குறியீடுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வருவான். அப்படி ஓர் இரவில், ஒரு மாணவனுடைய பெயருக்கு நேராக மூன்று இடங்களில் ‘ஆர்ஏ’ என்ற இரண்டெழுத்து வந்தது. மறுபடியும் எழுதவேண்டும் என்பதற்கான குறி. மூன்றில் ஒன்று நான் நடத்திய பாடம், மாணவர்கள் ‘எம் த்ரீ’ என்று அச்சத்தோடு அழைக்கும் மூன்றாம் பருவத்துக் கணிதம். அவனுடைய தகப்பனார் வாரத்துக்கு நிலம் எடுத்து உழுகிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன். முகம் வெளிறிப்போய்ச் சுவரோரமாக நகர்ந்தவனை, இன்னும் தன்னுடைய முடிவைக்கூடப் பார்த்திராத அவனுடைய அறைத்தோழன் பின்கழுத்தில் கைபோட்டு இழுத்து, “லூஸ்ல விடு மச்சி, இதெல்லாம் ஒரு மேட்டரா? அடுத்த செம்ல தூக்கிரலாம். வா, டீ அடிச்சிட்டு வரலாம்” என்றான். குரலில் ஒரு சலிப்பும் சிரிப்பும் கலந்திருந்தன. ஆனால் கழுத்தில் போட்ட கையை அவன் எடுக்கவேயில்லை. விடுதி வாசலுக்கு வெளியே இருந்த கடைவரைக்கும் அப்படியே நடத்திக்கொண்டு போனான். அதன் பிறகு அந்தப் பருவம் முழுவதும், சாப்பாட்டுக் கூடத்து விளக்கை அணைத்த பிற்பாடு, படிப்பறையின் கடைசி மேஜையில் அவ்விருவரையும் நான் பார்த்து வந்திருக்கிறேன். ஒருவன் ஃபூரியர் தொடரை வெள்ளைத்தாளில் விரித்துப் போட்டுக் காட்ட, மற்றவன் தலையைச் சொறிந்துகொண்டே எழுதிக்கொண்டிருப்பான்.

அந்த இரவில் வெளியாள் ஒருவர் அங்கே நின்றிருந்தால், ‘இதெல்லாம் ஒரு மேட்டரா’ என்ற வாசகத்தை மட்டும் செவியில் வாங்கிக்கொண்டு, படிப்பைப் பற்றி இவர்களுக்கு எவ்வளவு உதாசீனம் என்று மனம் நொந்திருப்பார். தோழனுடைய தோல்வியை அற்பமாக்கிக் காட்டுவதைத் தவிர அந்தக் கணத்தில் அவனைத் தூக்கி நிறுத்த வேறு வழி ஏது? ‘ஐயோ, மூன்று பாடமா? வீட்டில் என்ன சொல்லுவார்கள்?’ என்று விசனப்பட்டுக் கேட்பதுதான் அக்கறை என்றால், அத்தகைய அக்கறை அவனை மாடிப்படி ஏறவைத்திருக்கும். துக்கத்தைப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டு அழுவது ஒப்பாரியின் முறை. துக்கத்தைச் சிறிதாக்கித் தோளிலிருந்து தட்டிவிடுவது இப்பிள்ளைகளின் முறை. இரண்டுமே துக்கத்தைப் பங்கிடுகிற முறைகள்தாம்.

இந்தப் பரிபாஷையின் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனித்தால் நான் சொல்லுவது இன்னும் தெளிவாகும். ‘விடு’ என்பது ஏவல்; முன்னிலையை நோக்கியது. அடிபட்டவன் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுவது அபூர்வம். ‘நான் டீல்ல விட்டுட்டேன்’ என்று ஒருவன் தன்னைப் பற்றியே சொல்லும்போது, அவன் அதை இன்னும் விடவில்லை என்பது கூட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அடுத்த சொல் இன்னொரு வாயிலிருந்து வருகிறது: ‘பாத்துக்கலாம்’. மாணவர் பேச்சின் சொற்களிலெல்லாம் நான் மிகவும் நேசிப்பது இதைத்தான். யார் பார்த்துக்கொள்ளுவது? அந்த வினைமுற்று எழுவாயை மறைத்து வைத்திருக்கிறது. ஆனால் அது ‘நீ’யும் இல்லை, ‘நான்’ மட்டும் இல்லை, கேட்பவனை வெளியே நிறுத்திவிடும் ‘நாங்க’ளும் இல்லை, அவனையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ என்பதைக் கேட்கிற பிள்ளை தவறாமல் புரிந்துகொள்ளுகிறான். தோற்ற பாடத்துக்கு, அதாவது அரியருக்கு, கட்டவேண்டிய தேர்வுக் கட்டணம் குறைகிறபோது நான்கு பேர் பையைத் தடவிச் சேர்த்துக் கொடுக்கும் பணமும், விடுப்பு முடிந்து திரும்பாதவனுடைய ஊர்வரைக்கும் பேருந்தேறிப் போய் அவனைக் கையோடு அழைத்து வருகிற பயணமும் அந்த மறைந்த எழுவாய்க்குள் அடக்கம்.

ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறுகிறதே தவிர அமைப்பு மாறுவதில்லை. சென்னைப் பிள்ளை ‘வுடு மச்சி’ என்கிறான்; மதுரைப் பிள்ளை ‘விட்றா மாப்ள’ என்கிறான்; கொங்கு நாட்டில் ‘உடுடா மாப்ள’; திருநெல்வேலியில் ‘விடுல, பாத்துக்கிடலாம்’. பெண்கள் விடுதியில் அதுவே ‘விடுடி, பாத்துக்கலாம்’ என்று ஒலிக்கிறது. கவலைப்படாதே என்று சொல்லும் அதே மூச்சில் மச்சான், மாப்பிள்ளை, பங்காளி என்று ஓர் உறவின் பெயரையும் சேர்த்தே சொல்லுகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். ஆள் இருக்கிறான் என்ற உறுதிமொழியோடுதான் விட்டுவிடச் சொல்லுகிறார்கள். நம்மாழ்வார் திருவாய்மொழியின் இரண்டாம் பதிகத்தை இதே வினையைக் கொண்டு, உலகத்தை நோக்கிய ஏவலாகத்தான் தொடங்குகிறார் என்பது படித்தவர்களுக்கு நினைவிருக்கும். விடுகிறவனுக்குப் பற்றிக்கொள்ள ஒன்று வேண்டும் என்பதை அந்தப் பதிகமும் உடனே சொல்லிவிடுகிறது. இருபது வயதுப் பிள்ளைகள் பற்றிக்கொள்ளுவதற்குத் தங்கள் தோழனைத் தருகிறார்கள்.

‘டீல்ல விடுவது’ என்ற தொடர் சென்னையில் காற்றாடி விடுவோரின் பேச்சிலிருந்து வந்தது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கத்து மொட்டை மாடிகளில் காற்றாடிப் போர் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். கண்ணாடித் தூள் ஏற்றிய மாஞ்சா நூல்கள் வானத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது நூலை வெடுக்கென்று இழுத்து அறுக்கப் பார்ப்பது ஒரு வித்தை. இழுக்காமல் தளர்த்தி, நூலைச் சரசரவென்று ஓடவிட்டு, அந்த ஓட்டத்தின் உராய்விலேயே எதிரியின் நூலை அறுப்பது இன்னொரு வித்தை. வடநாட்டுக் காற்றாடிக்காரர்களும் அந்தத் தளர்ச்சிக்கு இதே ஒலியுள்ள சொல்லைத்தான் வழங்குகிறார்கள். தளர்த்தியவன் கைவிட்டுவிட்டான் என்று கீழே நிற்கிற தெரியாதவன் நினைப்பான். உண்மையில் இறுக்கிப் பிடித்தால் தன் நூலே அறுந்துவிடும் என்று தெரிந்துதான் அவன் தளர்த்துகிறான்; நூற்கண்டு அவன் கையில்தான் சுழன்றுகொண்டிருக்கிறது. அந்த மாஞ்சா நூல் சாலையில் போகிறவர்களின் கழுத்தை அறுத்து உயிரைக் குடித்திருப்பதனால் காவல்துறை அதைத் தடை செய்திருப்பது மிகவும் நியாயமே. நான் இங்கே விளையாட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்த விளையாட்டு விட்டுப்போன சொல்லின் ஞானத்தைத்தான் எண்ணிப் பார்க்கிறேன்.

இந்தத் தளர்த்தல் ஏன் இவ்வளவு அவசியமாயிற்று? இழுப்பு அவ்வளவு கடுமையாக இருந்ததனால்தான். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக் காலம் மே மாதத்துச் செய்தித்தாள்களின் முதல் பக்கம் முழுவதும், மாநிலத்தில் முதலிடம் பெற்ற பிள்ளைகளுக்கு இனிப்பு ஊட்டும் பெற்றோர்களின் புகைப்படங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அதே தாள்களின் உட்பக்கங்களில், அதே வாரத்தில், மதிப்பெண் குறைந்ததற்காக உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய நான்கு வரிச் செய்திகள் வந்தன. முதலிடம் யாருக்கென்று அறிவிக்கும் சம்பிரதாயத்தை அரசு 2017இல்தான் நிறுத்தியது. நுழைவுத் தேர்வு 2007இல் நீக்கப்பட்ட பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே பொறியியல் சேர்க்கைக்கு ஆதாரமாயிற்று. கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டிப் பெருகின. நிலத்தை அடகு வைத்தும் வங்கிக் கடன் வாங்கியும் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள், அதுவரை தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளையை முதற்பருவத்திலேயே ஆங்கிலத்தில் கணிதமும் பௌதிகமும் எழுதச் சொல்லும் இடத்தில் கொண்டுவந்து விட்டன. பள்ளியில் ஆயிரத்துக்கு மேல் வாங்கியவன் இங்கே முதல் பருவத்தில் இரண்டு ‘கப்பு’ வாங்கினான். அரியருக்குக் கப்பு என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் பெரிய உபகாரி. வெட்கப்பட வேண்டியதை வெற்றிக் கோப்பையின் பெயரால் அழைத்து, வெட்கத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டான். ‘அரியர் வைக்காதவன் அரை மனிதன்’ என்று மாணவரிடையே வழங்கும் வாக்கும் அதே திருப்பணியைச் செய்வதுதான்.

கொரோனாத் தொற்றின்போது, 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்கள் இறுதிப் பருவத் தேர்வுகள் நீங்கலாகத் தேர்ச்சி பெற்றதாகக் கருதப்படுவார்கள் என்று மாநில அரசு அறிவித்தது. முதலமைச்சருக்கு நன்றி சொல்லி ஊரெங்கும் மாணவர்கள் சுவரொட்டி ஒட்டினார்கள். அந்த அறிவிப்புச் சரியா தவறா என்பது கல்வித்துறை அறிஞர்களும் நீதிமன்றமும் விசாரித்த விஷயம். அன்று என் மனத்தைத் தைத்தது சுவரொட்டிகளின் எண்ணிக்கைதான். ஆண்டுக்கணக்கில் ‘சப்ப மேட்டர்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள், அந்தச் சுமை இறங்கியதும் பசைவாளியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். கவலையே இல்லாதவனுக்கு இத்தனை ஆனந்தம் எங்கிருந்து வரும்?

சென்னையின் கலைக்கல்லூரிப் பிள்ளைகளிடம் இந்த மனோபாவத்தின் வேர் இன்னும் ஆழமாகப் போகிறது. பேருந்தின் தகரத்தைத் தட்டித் தாளம் போட்டு அவர்கள் பாடும் கானா, வடசென்னையின் உழைக்கும் மக்கள் வீட்டுச் சாவுகளில் விடிய விடியப் பாடப்பட்ட பாட்டு. மரண கானா என்றே அதற்கொரு வகை உண்டு. பிணத்தை நடுவில் கிடத்திக்கொண்டு, இறந்தவனையும் இருப்பவனையும் எமனையும் ஒருசேரக் கேலி செய்து பாடுகிற துணிவு ஏட்டிலிருந்து கற்றதன்று. சாவும் இழப்பும் வீட்டு மனிதர்களைப்போல் வந்துபோகிற இடங்களில் வாழ்ந்து கற்றது. அந்த வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வருகிறவன் ‘இன்னா இப்போ, போனா போது வுடு’ என்று சொல்லும்போது, அவனுக்கு முன்னால் மூன்று தலைமுறை அதே வாசகத்தை, இன்னும் பெரிய நஷ்டங்களுக்கு எதிரில் நின்று சொல்லியிருக்கிறது. 1994இல் வெளிவந்த ‘காதலன்’ படத்தின் பாட்டு ஒன்று ‘டேக் இட் ஈஸி’ என்பதைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது உண்மை. ஆனால் சினிமா புதிதாக ஒன்றைக் கற்பித்துவிடவில்லை, வழக்கில் இருந்த மனத்துக்கு ஒரு மெட்டுக் கொடுத்தது, அவ்வளவே.

இவ்வளவு சொன்ன பிறகு, இதே பரிபாஷையில் எனக்கு அச்சம் தருகிற ஒரு சொல் இருப்பதையும் நான் மறைப்பதற்கில்லை. அது ‘கண்டுக்காத’ என்பது. தங்கள் காயத்தை நோக்கி ‘விடு’ என்பது வேறு. பிறன் காயத்தை நோக்கிக் ‘கண்டுக்காத’ என்பது வேறு. முன்னதைத் தைரியம் என்றால் பின்னதற்கு அந்தப் பெயர் இல்லை. வகுப்பில் ஒருவனைச் சாதிப் பெயர் சொல்லிச் சீண்டுகிறார்கள். அவனுடைய பையைத் தூக்கி எறிகிறார்கள். கடைக்குப் போய்வரச் சொல்லி ஏவுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கிற நல்ல பிள்ளை ஒருவன் எழுந்திருக்கப் பார்க்கிறான். பக்கத்தில் இருப்பவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, ‘கண்டுக்காதடா, நமக்கென்ன’ என்கிறான். விடுதிகளில் பகடிவதைக்குத் துணை நின்றது இந்த ஒரு சொல்தான் என்று நான் நினைக்கிறேன். 1996இல் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகே தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அது 1997ஆம் வருஷத்தியது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதை ஒட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுவதைத் தடை செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் கயிறுகளை அதற்கு முன்பு யாரும் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு காலையும் இறைவணக்கக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கான மணிக்கட்டுகள் ஆசிரியர்கள் கண்முன்னாலேயே இருந்தன. ஆகையினால் இந்தச் சொல்லைப் பிள்ளைகள்மேல் மட்டும் சுமத்திவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள விரும்பவில்லை. ஆசிரியர் அறையிலும் இது நல்ல சுத்தமான தமிழில் வழங்கி வருகிறது.

இச்சொல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இத்தாலி தேசத்தின் சரித்திரத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. ‘மே நே ஃப்ரேகோ’ என்பது அந்நாட்டுக் கொச்சைமொழியில் ‘எனக்கு ஒன்றுமில்லை, போ’ என்கிற அளவுக்குப் பொருள்படும் ஓர் அலட்சிய வாசகம். முதல் உலகப் போரில் உயிரைத் துச்சமாக மதித்த அதிரடிப்படைச் சிப்பாய்களின் வாயில் அது வீரமாக இருந்தது; பின்னர் பாசிஸ்டுக் குண்டர் படைகள் அதை எடுத்துக்கொண்டன; 1932இல் முசோலினியின் பெயரில் வந்த பாசிசக் கோட்பாட்டுக் கட்டுரை அதை ஒரு தத்துவமென்றே போற்றியது. தன் சாவை மதியாத சொல், பிறருடைய சாவை மதியாத சொல்லாக மாறுவதற்கு அதிக வருஷங்கள் பிடிக்கவில்லை. அதே இத்தாலியில், ஃப்ளோரன்ஸ் நகருக்கு அப்பால் மலைமேல் இருந்த பார்பியானா என்ற குக்கிராமத்துக்கு 1954இன் இறுதியில் அனுப்பப்பட்ட லோரென்ஸோ மிலானி என்ற பாதிரியார், பள்ளித் தேர்வுகளில் தோற்றுத் துரத்தப்பட்ட ஏழை உழவர்களின் பிள்ளைகளுக்காகத் தம் இல்லத்திலேயே ஒரு பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளியின் சுவரில் ‘ஐ கேர்’ என்ற ஆங்கில வாசகம் எழுதப்பட்டிருந்தது. எனக்கு அக்கறை உண்டு என்ற அந்த வாசகம் பாசிஸ்டுகளின் வாசகத்துக்கு நேர் எதிரானது என்று தம்மீது நடந்த வழக்கின் நீதிபதிகளுக்கு 1965இல் எழுதிய கடிதத்தில் அவரே விளக்கினார். அவருடைய பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதி 1967இல் வெளிவந்த ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற புத்தகம், ஏழைப் பிள்ளைகளைத் தோற்கடித்து வெளியேற்றும் பள்ளியைக் கணக்கு வழக்கோடு குற்றக்கூண்டில் ஏற்றியது. நம்முடைய பொறியியல் கல்லூரிகளின் ‘ஆர்ஏ’ பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர் எவருக்கும், எது அலட்சியம், யாருடைய அலட்சியம் என்ற கேள்வி வேறு திசையில் திரும்பும். மூன்று பாடத்தில் தோற்ற பிள்ளையைப் பார்த்து ‘லூஸ்ல விடு’ என்று சொன்ன தோழன் அவனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தான். அறுபது பேர் வகுப்பில் நாற்பது பேர் தோற்றதைக் கண்டும், ஒரு சொல்லும் சொல்லாமல், அடுத்த பருவத்தின் பாடத்திட்டத்தைத் தொடங்கிவிடும் கல்லூரிக்கு எந்தப் பரிபாஷையும் தேவைப்படவில்லை.

பேருந்தில் முகம் சுளிக்கிறவர்கள் இரண்டு சம்பவங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது கழுத்தளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்து சென்ற இளைஞர்கள் யார்? 2017 ஜனவரி 17 முதல் 23 வரையில், ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக மெரினா மணலில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்து, கூட்டத்துக்கு நடுவே மருத்துவ வண்டிக்கு வழிவிட்டு, தாங்கள் போட்ட குப்பையைத் தாங்களே பொறுக்கியவர்கள் யார்? அந்தக் கிளர்ச்சியின் கோரிக்கையைப் பற்றி ஒருவர் எந்த அபிப்பிராயமும் வைத்துக்கொள்ளட்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எதிலும் பற்றில்லாத தலைமுறை என்று சொல்ல எவருக்கும் நா எழாது. அங்கேயும் அவர்கள் பேசியது இதே பாஷைதான். தடியடி நடக்கப்போகிறது என்ற வதந்தி வரும்போதெல்லாம், ‘பாத்துக்கலாம் வுடு’ என்று சொல்லி இன்னும் நெருக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள் என்று, அங்கே இருந்துவிட்டு விடுதிக்குத் திரும்பிய என் மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்பொழுது சொற்கள் மறுபடியும் மாறிக்கொண்டிருக்கின்றன. மச்சி இருந்த இடத்தில் ‘ப்ரோ’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘லூஸ்ல விடு’ கொஞ்சம் பழையவர்களின் பேச்சாகி, ‘சில் ப்ரோ’ என்பது வழக்காகிவிட்டது. நேரில் பேசுவதைவிடக் கைப்பேசியில் எழுதிக்கொள்ளுவதே அதிகமானதனால், நள்ளிரவில் பத்து வரி புலம்பி எழுதுகிறவனுக்குப் பதிலாக ‘ம்’ என்ற ஒற்றெழுத்தோ, ‘கே’ என்ற ஓரெழுத்தோ, உயர்த்திய கட்டைவிரலின் படமோ போய்ச் சேருகிறது. கழுத்தில் விழுந்த கையும், விடுதி வாசலுக்கு வெளியே இருந்த டீக்கடையும் இந்தப் பரிமாற்றத்தில் எங்கே இருக்கின்றன என்ற கேள்வி என்னை வருத்தியதனால், இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம் அதைக் கேட்டேவிட்டேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, “விடுன்னு டைப் பண்ணி அனுப்புனா கோவமா சொல்ற மாதிரி இருக்கும் சார், அவ இன்னும் அழுவா. அதனால நாங்க அதை மட்டும் டைப் பண்ணமாட்டோம், வாய்ஸ் நோட்தான்” என்று சொல்லி, முந்தின வாரம் வளாக நேர்காணலில் தேர்வாகாத தோழிக்குத் தான் அனுப்பியிருந்த ஒன்றை ஒலிக்கவிட்டாள். ‘விடுடி, பாத்துக்கலாம். சாப்டியா?’ என்று மட்டும் அதில் இருந்தது.